அறுபடாத தையல் நூல்

1997-ஆம் வருஷ மழைக்காலத்தில், புனேயின் கோந்த்வாவில் புதிதாக எழும்பியிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு குடும்பம் வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த தையல் நூலை அறுக்காமலேயே மூன்று வாரம் வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. நூல் இடுப்பு உயரத்தில், கதவுக் கொண்டியிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீல்வரை, தளர்வில்லாமல் கட்டப்பட்டிருந்தது. அதன் வழியாகக் கணவன் ஆபீசுக்குப் போனான், மனைவி காய்கறி வாங்கப் போனாள், குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, வேலைக்காரி வந்து சப்பாத்தி போட்டுவிட்டுப் போனாள், கேஸ் சிலிண்டர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்பு பீரோ ஒன்று நான்கு கூலியாட்களோடு உள்ளே போயிற்று. நூல் அசையக்கூட இல்லை. அந்தச் சமயம் வெங்காய விலை ஏறியிருந்ததால் கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

நூலைக் கட்டியவர் அருணாச்சலம். ஊரின் கேம்ப் வட்டாரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் நடந்துவந்த பிராணிகள் நலச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் லத்தியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காக்கிச் சட்டை உண்டு, அதன் நடுப் பொத்தான் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு மேட்டடார் வேன் உண்டு, மேடு வந்தால் அது இருமும். அவருடைய அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து போபோடியில் ஒரு சந்துக்குள் குடியேறியவர். பிள்ளைக்குத் தொழிற்சாலையில் இடம் கிடைக்கவில்லை. சங்கத்தில் டிரைவராகச் சேர்ந்து, வேறு ஆள் இல்லாததால் இன்ஸ்பெக்டர் ஆனார். நாய்களோடு மராத்தி, போலீசோடு ஹிந்தி, சங்கத்துச் செயலாளர் ஜான் சாரோடு அரைகுறை இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்று நான்கு மொழி பேசுவார். இதில் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது கடைசியில் சொன்னதுதான்.

புனே மாற்றலில் வருகிறவர்களும் மாற்றலில் போகிறவர்களுமாக நிறைந்த ஊர். பட்டாளம், வங்கி, சர்க்கார் உத்தியோகம், பிறகு கம்ப்யூட்டர். மே மாசம் வந்தால் வீட்டுக்கு வீடு லாரி நிற்கும். கட்டில் ஏறும், ஃப்ரிட்ஜ் ஏறும், துளசித் தொட்டிகூட ஏறும். லாரியில் ஏற்ற முடியாதது ஒன்று பின்கட்டில் நின்று வாலாட்டிக்கொண்டிருக்கும். ‘பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறோம்’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் மாற்றலாகிப் போயிருப்பார்கள். அந்த மாதிரிப் புகார்களுக்காகத்தான் சங்கம் நூலைக் கையில் எடுத்தது. முன்னொரு தடவை, கட்கியில் பூட்டிக் கிடந்த வீட்டைக் கைவிட்ட வீடு என்று நினைத்து உடைத்துக் கிளியை எடுத்துவந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் மகள் பிரசவத்துக்குப் போனவர், மறுநாளே திரும்பி வந்து, கோர்ட் வாசலில் சங்கத்தை ஒரு வருஷம் நிற்க வைத்தார். அதன் பிறகு ஜான் சார் ஒரு வழி செய்தார். பூட்டிய வீட்டில் பிராணி கத்தினால் வாசலுக்குக் குறுக்கே நூல் கட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் விடு, மறுநாள் போய்ப் பார். அறுந்திருந்தால் யாரோ வந்துபோகிறார்கள், பிராணியைத் தொடாதே, இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வா. அறுபடாமலிருந்தால் கைவிட்டாயிற்று, சாட்சி வைத்துப் பூட்டை உடைத்துக் காப்பகத்துக்குக் கொண்டு வா. அறுந்த நூலை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டக் கூடாது, புதுசுதான் கட்ட வேண்டும்.

நூல் அருணாச்சலத்தின் மனைவி நீலாவின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. நீலா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். பிள்ளை குட்டி இல்லை. ஆரம்பத்தில் அருணாச்சலம் தினம் சாயங்காலம் வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்வார். எந்த வீட்டில் என்ன கிடந்தது, எந்தப் பூனை எத்தனை குட்டியோடு கிடந்தது, எந்த நாய் அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் ஆள் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொல்லும்போதே அழுதுவிடுவார். அவளும் மெஷினை நிறுத்திவிட்டுக் கூட அழுவாள். பிறகு அழுவது நின்றது, சொல்வது மட்டும் இருந்தது. பிறகு சொல்வதும் நின்றது. காலையில் பெட்டியைத் திறந்து ஒரு கை நீளத்துக்கு வெள்ளை நூல் எடுத்துக்கொள்வார், சாயங்காலம் வந்து தட்டின் முன்னால் உட்காருவார். உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. வலி தெரியாதது நல்லதுக்குத்தான் என்று அவரும் விட்டுவிட்டார்.

கோந்த்வாவில் நடந்தது கைத்தவறு. பால்கனியில் ஒரு பொமரேனியன் நாய் நாள் பூரா ஊளையிடுகிறது, அதுவும் வீட்டில் ஆள் இருக்கும்போதே என்று எதிர் வீட்டு அம்மாள் புகார் கொடுத்திருந்தாள். அருணாச்சலம் போனார். வீட்டுக்காரர் ராம்கி சென்னையிலிருந்து வங்கி வேலையாக வந்தவர், மனைவி ப்ரியம்வதா. நல்ல மனுஷர்கள். காபி கொடுத்தார்கள். நாய்க்குப் பட்டாணி என்று பெயர், குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கியது. தட்டில் சப்பாத்தி இருந்தது, கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, ஊசியெல்லாம் போட்டிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. விடைபெற்று வெளியே வந்தவர், கதவு சாத்தியதும், எத்தனையோ வருஷப் பழக்கத்தில் பையிலிருந்து நூலை எடுத்து வாசலுக்குக் குறுக்கே கட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டார். குடும்பமே உள்ளே இருக்கிற வீட்டுக்கு! வேன் ஸ்வார்கேட் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்பதற்காகப் போனார். படியேறி முடிக்கும் நேரத்துக்கு ப்ரியம்வதா கூடையோடு வெளியே வந்தாள். நூல் அவள் புடவைக்கு முன்னால் இருந்தது, அடுத்த நொடி பின்னால் இருந்தது. “என்ன சார், மறுபடியுமா? உள்ள வாங்கோ” என்றாள். அருணாச்சலம் உள்ளே போகவில்லை. நேராகக் கேம்புக்குப் போய் ஜான் சாரிடம் சொன்னார். ஜான் சார் பட்டாளத்தில் கோவேறு கழுதைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், எதற்கும் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. நூல் நல்ல நூல்தானா என்று மட்டும் கேட்டார். இரண்டு பேருமாக இழுத்துப் பார்த்தார்கள், சட்டென்று அறுந்தது. “அப்ப கொஞ்ச நாள் பாரு” என்றார் ஜான் சார்.

அப்படித்தான் மூன்று வாரம் ஆயிற்று. அருணாச்சலம் போகும்போதெல்லாம் கீழேயிருந்தே பால்கனி ஊளையைக் கேட்டுவிட்டு, மாடிப்படியில் நின்று வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒருநாள் கீழே நின்றபோது ஊளை கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியையும் ஏறினார். கதவு திறந்திருந்தது. நேராக உள்ளே பாய்ந்தவரின் சட்டை நடுப் பொத்தானில் நூல் மாட்டி, பட்டென்று அறுந்தது. பட்டாணி பால்கனிக் கதவோரம் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தது. சப்பாத்தி அப்படியே இருந்தது. வீட்டில் எல்லாரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆமா இல்ல, ரெண்டு நாளா சத்தமே காணோம்” என்றார் ராம்கி, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. “அழைச்சுண்டு போறதுன்னா போங்கோ சார். எங்களுக்கு ஒண்ணும் அப்ஜெக்‌ஷன் இல்லை.” குழந்தை கை காட்டியது. அருணாச்சலம் நாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர்கள்மேல் கோபம் வருமா என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை.

உள்ளே இருக்கும் ஜீவனுக்காக வருகிறவர்கள் பட்டால்தான் நூல் அறும், வேறு காரியமாக வருகிறவர்களை அது விட்டுவிடும் என்று அதன் பிறகு சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஆள் இருக்கிற வீடுகளுக்கும் நூல் கட்டத் தொடங்கினார்கள். சாட்சி தேடி அலைவதைவிட இது சௌகரியமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற கர்னல் ஒருவருடைய அல்சேஷன் இப்படித்தான் வந்தது. அவர் அதற்கு ஆள் வைத்து இறைச்சி போட்டார், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார், நூல் ஒரு மாசம் கம்பிபோல நின்றது. கேம்பில் ஒரு கடிகாரக்கடைக்காரர் வீட்டு ஆமை வந்தது, வாளிக்குள் இருப்பதே மறந்துபோயிருந்தது. போபோடியிலேயே ஒரு மகா குடிகாரன் இருந்தான், பெண்டாட்டி பிள்ளைகளைப் போட்டு அடிப்பவன், அவன் வீட்டுப் பூனையைக் கட்டாயம் எடுத்துப்போக வேண்டும் என்று சந்தே திரண்டு வந்து சொன்னது. அருணாச்சலம் கட்டிய நூலை அவன் தினம் சாயங்காலம் தள்ளாடி வந்து அறுத்தான். பூனைக்காகத்தான் வந்தான். விதிப்படி பூனையை விட்டுவிட்டார்கள், சந்து அருணாச்சலத்தைக் காறித் துப்பியது. அவர் அதையும் துடைத்துக்கொண்டார். 2003-க்குப் பிறகு, டி.வி. விளம்பரத்தில் வந்த சப்பை மூக்கு நாயை ஊரே வாங்கியது, விளம்பரம் மாறியதும் ஊரே விட்டது. காப்பகத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் ஒரு தறிக்கூடம் மாதிரி கேட்டது. அவருக்கு அதுவும் பழகிவிட்டது.

அந்த வருஷங்களில்தான் நீலாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று சொன்னாள். “டாக்டர்கிட்ட போகணுங்க, கூட வர்றீங்களா?” என்று கேட்டாள். “ம்” என்றார். ஆபரேஷன் அன்றைக்கு வானவடியில் யாரோ மொட்டை மாடியில் இரண்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டதாகப் போன் வந்தது, கிளம்பிவிட்டார். நீலா தனியாகப் போய், தனியாகப் படுத்து, கண்ணில் கட்டோடு ஆட்டோ பிடித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். சாயங்காலம் அருணாச்சலம் வந்து உட்கார்ந்து, “என்ன குழம்பு?” என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கட்டு அவர் கண்ணில் படவில்லை. அடுத்த நாளும் படவில்லை. கட்டுப் பிரிந்து கறுப்புக் கண்ணாடி வந்து, கறுப்புக் கண்ணாடி போய் வெள்ளைக் கண்ணாடி வந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மழை பிடித்ததும் நீலா தன் பெட்டியிலிருந்து நூலை எடுத்துத் தன் வாசலுக்குக் குறுக்கே கட்டினாள். எப்படிக் கட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததா! அவர் காலையில் வேலைக்குப் போன பிறகுதான் கட்டினாள். சாயங்காலம் அவர் நூலின் வழியாக உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவார். முதல் நாள் அவள் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள், பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ரவிக்கை வாங்க வந்தவர்கள் நூலுக்கு ஒன்றும் ஆகாமல் வந்து போனார்கள். பக்கத்து வீட்டு ஷாந்தாபாய் மட்டும் “கண்ணு எரியுதா இன்னும்?” என்று மராத்தியில் கேட்டுக்கொண்டே நுழைந்து அறுத்துவிட்டாள். ஆயியாய் என்று பதறிப்போய், அன்றிலிருந்து அந்த வாசலில் குனிந்தே வந்தாள். நூல் விற்கிற விலையில் தினமும் அறுக்க முடியுமா!

கணபதி வந்து, கரைத்தும் ஆயிற்று. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீலா தட்டில் சோறு போட்டுவிட்டு, “வாசல்ல பாத்தீங்களா?” என்றாள்.

அருணாச்சலம் எழுந்து போய்ப் பார்த்தார். குனிந்து, கொண்டிப் பக்கத்து முடிச்சை விரலால் நெருடினார். “சரியாத்தான் கட்டியிருக்க” என்றார்.

“மழை ஆரம்பிச்சப்போ கட்டினேன்.”

“இதே நூலா?”

“ஷாந்தாபாய் ஒரு தடவை அறுத்தா, புதுசு கட்டினேன். ஒரு நாள்கூட உங்களால அறுபடலீங்க.”

அவர் நின்றபடியே யோசித்தார். நெஞ்சில் ஏதாவது இடிக்கும் என்று எதிர்பார்த்தார். காலில் முள் குத்தியிருக்கிறது என்று பார்த்தால் தெரிகிறது, வலிதான் இல்லை, அந்த மாதிரி இருந்தது. “இப்ப என்னா பண்றது?” என்றார்.

“என்னைக் கேட்டா? உங்க ஆபீசு விதி உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் நீலா. ஒரு வார்த்தை, ‘அதெல்லாம் நாய்க்குடீ’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கையைக் கழுவிக்கொண்டு ரசம் ஊற்றியிருப்பாள். அதற்காகத்தான் கேட்டாள். அருணாச்சலம் வேன் சாவியை எடுத்தார். தையல் மெஷினைத் தூக்கிப் பின்னால் வைத்தார், அடிபடாமல் இருக்கக் கோணி சுற்றினார். பிராணிகளை ஏற்றும்போது அவர் எப்போதும் கவனமாகத்தான் இருப்பார். நீலா முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஷாந்தாபாய் சந்து முனைவரை வந்தாள்.

காப்பகம் கோந்த்வாவுக்கும் அப்பால், சரளைக் குன்றின் அடியில், பழைய கோழிப் பண்ணை ஒன்றில் இருந்தது. ஜான் சார் நூல் எத்தனை நாள் நின்றது என்று கேட்டார், தலையை ஆட்டினார், பூனைக் கொட்டகைக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. நீலா மறுநாளே நாய்களுக்குக் கோணியில் படுக்கை தைக்க ஆரம்பித்தாள். கிழடாகிவிட்ட பட்டாணி, ஏழு வருஷமாக யாரிடமும் ஒட்டாத பட்டாணி, அவள் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தன் அறை வாசலுக்கு அவள் ஒரு நூல் கட்டினாள். அருணாச்சலம் வாரத்தில் நான்கைந்து தடவை பிராணியோடு வருவார், நூலின் வழியாக உள்ளே வந்து அவள் கையில் கொடுப்பார். “கடிக்குமா?” என்பாள். “கடிக்காது” என்பார். நூல் அப்படியே இருக்கும். அவள் அதைப் பார்ப்பாள், அவர் வேனைத் திருப்புவார்.

போபோடி வீட்டில் அவர் தனியாகச் சோறு வடித்துக்கொண்டார். மெஷின் சத்தம் இல்லாதது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. பண்டிகை நாள் ஒன்றில் சந்தெல்லாம் வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போது, இந்த வீட்டில் உள்ளே இருக்கிறது யார் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே இருப்பது அவர்தான். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக் குறுக்கே நூல் கட்டினார். சாயங்காலம் பார்த்தார், இருந்தது. அவர் பட்டால் அறாது, அவருக்காக அவரே எப்படி வர முடியும்? குளிர்காலம் முழுக்க இருந்தது. வெயிலில் மஞ்சளித்தது. மழையில் ஊறிக் காய்ந்தது. பூட்டைத் திறப்பதற்கு முன்னால் வழக்கம்போல முடிச்சை விரலால் நெருடிப் பார்ப்பார். ஒருநாள் முடிச்சைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டார். அது பயம் என்று அவருக்குத் தெரிந்தது. காப்பகத்தில் கொண்டுபோய்விட்ட ஜீவன்கள் எல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எத்தனை வருஷம் கழித்து!

2006 ஜனவரியில் ஒரு பிற்பகல், சீக்கிரம் வேலை முடிந்து வந்தபோது நூல் அறுந்து இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உள்ளே அடுப்பின் மேல் தட்டுப் போட்டு மூடிய பாத்திரத்தில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு இருந்தது, சூடு ஆறவில்லை. அன்றைக்குப் போட்டுப் போகாமல் கொடியில் விட்டிருந்த காக்கிச் சட்டை மடித்து வைத்திருந்தது. இத்தனை வருஷமாக ஆடிக்கொண்டிருந்த நடுப் பொத்தானை வெள்ளை நூலால் இறுக்கித் தைத்திருந்தது. நாய்களுக்குச் சோறு வைக்கும் நேரம் என்பதால் அவள் திரும்பிப் போயிருப்பாள். அருணாச்சலம் வாசல்படியில் உட்கார்ந்து நூல் முனைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். விதிப்படி இந்த வீட்டில் இருப்பது கைவிட்ட பிராணி இல்லை. குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார், காரம் கண்ணில் ஏறியது. காரம்தான் என்று முதலில் நினைத்தார். தட்டு காய்ந்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் வேனை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனார். ஜான் சார் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து பார்த்தார். “என்ன கொண்டுவந்தே?” என்றார். “ஒண்ணுமில்லை சார்” என்றார் அருணாச்சலம், நடந்தார். நீலா மெஷினில் குனிந்திருந்தாள். வாசலில் அவர் சட்டைப் பொத்தானில் ஏதோ மாட்டியது, பட்டென்று சத்தம் கேட்டது. மெஷினுக்கு அடியிலிருந்து பட்டாணி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

“என்னா, வேலை நேரத்துல?” என்றாள் நீலா. அவள் காலும் மெஷின் மிதியில் நின்றுபோயிருந்தது.

“கண்ணு எப்படி இருக்கு?” என்றார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். “ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு” என்றாள். “நல்லாத்தான் தெரியுது.”

அவர் பூனைக் கூண்டின் மேல் உட்கார்ந்தார். அவள் எழுந்துபோய், அறுந்த துண்டுகளை இரண்டு பக்கமும் அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். அறுந்ததை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டக் கூடாது. பெட்டியிலிருந்து புது நூலை ஒரு கை நீளத்துக்கு இழுத்து, நாளைக்காக வைத்துக்கொண்டாள்.